வெப்சைட்டில் நின்ற திருஷ்டி பொம்மை

எங்கள் வெப்சைட்டினால் வந்த முதல் போன், எங்களைத் திட்டுவதற்காக வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நான் நர்சரி மேஜையில் காலை நீட்டிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் மாமா ஓடிப்போய் ரிசீவரை எடுத்தார். "சொல்லுங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே தொடங்கியவர், அப்புறம் "ஆமாங்கம்மா" என்றார், "இல்லீங்கம்மா" என்றார், கடைசியில் "தெரியாமப் பண்ணிப்போட்டோமுங்கம்மா" என்றார். ரிசீவரை வைத்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"பங்களா அம்மா பேசுனாங்க. இனிமேப்பட்டு நாம அங்க வேலைக்கு வர வேண்டாமாமா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்ததிலேயே நல்ல வாடிக்கை அதுதான். புது வாடிக்கையைப் பிடிக்க நான் போட்ட வெப்சைட் இருந்த வாடிக்கையைத் துரத்திவிட்டது என்றால், அப்புறம் நான் எதற்குக் கம்ப்யூட்டர் படித்தேன்?

மாமா என்பவர் என் அக்காவின் வீட்டுக்காரர். அவருடைய அப்பா அம்மா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். இவர் பெரிய வீடுகளுக்கும் மில்களுக்கும் தோட்டம் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார். செம்மண் கொட்டி, தொழுவுரம் கலந்து, கொரியன் புல்லை விரல் விரலாக நட்டு, வேலியோரம் பூச்செடி வைத்து, பிறகு மாதாமாதம் வெட்டிப் பராமரிப்பதுவரை அவர் பொறுப்பு. கோயமுத்தூரில் கணபதியைத் தாண்டி ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து நர்சரி வைத்திருந்தார். அதற்குள்ளேயே ஒரு சிமென்ட் ஷீட் போட்ட அறையில் குடித்தனம். பக்கத்து லேத் பட்டறைகளின் சத்தத்துக்கு நடுவில் அக்கா நாற்று வளர்த்தாள். ரோஜாப் பதியனில் துளிர் விட்டால் என்னைப் பட்டறைச் சத்தத்தையும் மீறிக் கத்திக் கூப்பிட்டுக் காட்டுவாள். வேறு எதற்கும் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. மாமாவின் பெரிய வேலையே ஒரு மில்லின் தோட்டம்தான். அந்த மில்லை மூடிவிட்டார்கள். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மாமா சொன்னார். "ஆடி முடியற வரைக்கும் பாக்கறேன். புது வேலை வல்லீன்னா எடத்தைக் காலி பண்ணிப்போட்டுத் திருப்பூருக்குப் போயர்லாம். பனியன் கம்பெனில சூப்பர்வைசர் வேலை இருக்குதுன்னு சொல்றாங்க."  அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளைத் திருப்பூரில் ஒரு லைன் வீட்டு வாசலில், ஒற்றைத் தொட்டிச் செடியோடு நினைத்துப் பார்த்தேன். 

எனக்கு அப்போது வாய் நீளம், பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு ஆகாது என்பார்கள். இப்போதும் அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை. காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெப் பேஜ் செய்வதை அப்போதுதான் கற்றிருந்தேன். "மாமா, நீங்க சும்மா இருங்க. நான் இன்டர்நெட்ல போட்டுத் தாரேன். ஆளுங்க தேடி வருவாங்க" என்று அடித்துவிட்டேன்.

யார் தேடி வருவார்கள் என்று யோசித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கோயமுத்தூரில் அன்று யார் வீட்டில் இன்டர்நெட் இருந்தது? பட்டறைக்காரர் ஒருவரிடம் இன்டர்நெட்டில் பாருங்கள் என்றேன். எந்தச் சேனல் என்று கேட்டார். ஆனால் நம்மூர்ப் பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். ஈமெயிலில் ஒருவருக்கொருவர் ஊர்க் கதை பேசிக்கொள்ள ஒரு குழுவும் வைத்திருந்தார்கள். அவர்களுடைய அப்பா அம்மா இங்கேதானே பெரிய வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பிடித்தால் வீட்டைப் பிடித்த மாதிரி. இந்த யோசனை வந்ததும் என்னை நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறைதான்.

சென்டர் முதலாளியின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு மாமாவோடு அவினாசி ரோட்டுப் பக்கம் இருந்த அந்தப் பங்களாவுக்குப் போனேன். அவர் போட்ட தோட்டங்களிலேயே அழகு அதுதான். பெரிய வீடு. உயரமான காம்பவுண்டு சுவர். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், அந்த அம்மாவும் ஒரு வாட்ச்மேனும் மட்டும்தான். அன்று அந்த அம்மா ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

புல்தரை பச்சைப்பசேலென்று இருந்தது. நட்டநடுவில் ஒரு திருஷ்டி பொம்மை. வைக்கோல் உடம்பு, மண்சட்டித் தலை, சுண்ணாம்பும் கரியும் குழைத்து வரைந்த கண்ணும் பல்லும், நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. எங்கள் பக்கம் வீடு கட்டினாலும் வெள்ளாமை வைத்தாலும் கண் படாமலிருக்க இப்படி ஒன்றை நிறுத்துவார்கள். மாமா எந்தத் தோட்டம் போட்டாலும் புல் வேர் பிடிக்கும்வரை ஒரு பொம்மையை நட்டுவிடுவார். வேர் பிடித்ததும் வீட்டுக்காரர்கள் எடுத்துப் போட்டுவிடுவார்கள். இந்த வீட்டில் மட்டும் அது நிரந்தரமாக நின்றது.

"மாமா, அந்தக் கருமத்தை எடுத்துட்டு வாங்க. அமெரிக்காவுல பாக்கறவன் இந்தச் சட்டித் தலையைப் பாத்தா அலறி ஓடிருவான்."

"அது இருந்துட்டுப் போகட்டுங்கண்ணு. அந்தம்மா வந்து..."

"அந்தம்மாதான் இல்லையே. நகருங்க."

நானே போய் பொம்மையைப் பிடுங்கினேன். தூக்கிக்கொண்டு போய் எருக்குழியோரம் படுக்கப் போட்டேன். நாலாபக்கமும் நின்று படம் எடுத்தேன். முடிந்ததும் மாமா அதைத் தூக்கி, சட்டையில் ஒட்டியிருந்த எருவைத் தட்டி, பழைய இடத்தில் நட்டு வைத்தார். அவர் ஏன் அவ்வளவு நேரம் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று நான் யோசிக்கவில்லை, எனக்குப் பஸ் போய்விடுமே என்ற கவலை.

வெப் பேஜ் பிரமாதமாக வந்தது. நல்வரவு கூறும் எழுத்துகள் குறுக்கே ஓடின. மூலையில் ஒரு ரோஜா சுற்றிக்கொண்டே இருந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் அடியில் இருந்தது. பாதி நான் திறந்து பார்த்தது. பங்களா தோட்டத்தை முகப்பிலேயே பெரிதாகப் போட்டேன். அந்த ஈமெயில் குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டு வாடிக்கையாளர்களுக்காகக் காத்திருந்தேன்.

வந்தது திட்டு. பங்களா அம்மாவின் ஒரே பையன் அமெரிக்காவில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறான். உடனே அம்மாவுக்குப் போன் போட்டு, நம் வீட்டுத் தோட்டம் கம்ப்யூட்டரில் வருகிறது என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மா, "பொம்மை தெரியுதா?" என்று கேட்டிருக்கிறார். "பொம்மையா? அப்படி எதுவுமில்லையே" என்றிருக்கிறான். அவ்வளவுதான்.

அடுத்த வாரத்தில், மாமா வேலை பார்த்துவந்த அந்த அம்மாவின் சொந்தக்காரர் வீடுகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. அதுவும் எப்படி? யாரும் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. மாமா புல் வெட்டப் போவார். உட்கார வைத்து காபி கொடுப்பார்கள், முறுக்கு கொடுப்பார்கள், அக்காவை விசாரிப்பார்கள். கிளம்பும்போது, "இப்போதைக்கு வேண்டாமுங்க தம்பி. ஓணும்னாச் சொல்லி உடறமுங்க" என்பார்கள். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்பதே மாமாவுக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உறைக்கும். இத்தனை மரியாதையாக ஒரு மனுஷன் வயிற்றில் அடிக்க முடியுமா என்று நான் அதிர்ந்து போனேன்.

"ஒரு சட்டித் தலைக்கா மாமா இந்தப் பாடு? கண்ணு படுமாம் கண்ணு. கம்ப்யூட்டர் வழியா வருமா?" என்று கத்தினேன்.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "வா, போய்ப் பேசிட்டு வரலாம். நீ வாயைத் தொறக்கக் கூடாது" என்றாள்.

போனோம். அந்த அம்மா எங்கள் மூன்று பேரையும் வாசலிலேயே நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். "வாங்க அம்மணி" என்று உள்ளே அழைத்து, தட்டில் பழம் வைத்து, காபி கலந்து வந்தார். குடித்து முடிக்கும்வரை மழையில்லாததைப் பற்றிப் பேசினார். டம்ளரைக் கீழே வைத்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பொம்மையை எங்க போட்டு வெச்சீங்க அம்மணி?"

"எருக்குழிகிட்டங்க. ஒரு அரை மணி நேரந்தானுங்க. கண்ணெல்லாம் ஒண்ணும்..."

"கண்ணு படறதைப் பத்தி நான் பேசல. கண்ணு பட்டா புல்லு காயும். வேற வெச்சுக்கலாம்." அவர் குரல் உயரவே இல்லை. "அது எம் பையன் சட்டை. அதைக் கொண்டுபோய் எருக்குழிகிட்டப் போட்டிருக்கீங்க. அப்பறம் அந்தப் படத்தை அவனுக்கே அனுப்பியிருக்கீங்க."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

அவர் எழுந்து பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். பையனுடைய அறை. பீரோவில் அவன் காலேஜ் காலத்துச் சட்டைகள் தேய்த்து மடித்து அடுக்கியிருந்தன. ஜன்னலுக்கு நேராக, வெளியே புல்தரையில், பொம்மை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தோளும் முழுக்கையும் நீலக் கட்டமுமாக அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு வாலிபன் நிற்கிற மாதிரியே இருந்தது. 

"தனியா இருக்கற ஊடு. கேட்டு வழியாப் பாக்கறவங்களுக்கு ஆம்பளை நிக்கறாப்ல இருக்கட்டும்னு அவன் சட்டையைப் போட்டு உட்டேன். அப்படித்தான் ஆரம்பிச்சுது. வெயில்ல வெளுத்துப் போச்சுன்னா வேற மாத்துவேன். அப்பா காரியத்துக்கு வந்துட்டுப் போனவன், அப்பறம் வல்லீங்க." கதவை மெதுவாகச் சாத்தினார். "இதையெல்லாம் அவன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மணி. அங்க தனியாக் கெடக்கறான். மனசு சங்கடப்படுவான்." சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் மாமாமேல் பாய்ந்தேன். "உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ எங்க கண்ணு பேச உட்டே" என்றார்.

அந்த அம்மா ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். படம் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் பொம்மையோடு இருக்க வேண்டும். மறுபடி கேமரா இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அந்த அம்மா புல்தரையில் இறங்கி, பொம்மையின் காலரைச் சரிசெய்தார். மேல் பட்டன் ஒன்றை மாட்டினார். சட்டித் தலையில் பறவை எச்சம் இருந்ததை முந்தானையால் துடைத்தார். பிறகு விலகிக்கொண்டு, "இப்ப எடுங்க" என்றார். ரோஜா சுற்றுகிற, எழுத்து ஓடுகிற என் பேஜின் முகப்பில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு மண்சட்டி. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணி வராத குறை.

நிறுத்திய வீடுகளில் ஒன்றிரண்டு திரும்ப வந்தன. ஆனால் புது வேலை ஒன்றுகூட இல்லை. ஆடி பிறந்துவிட்டது. மாமா திருப்பூர் போய்க் கம்பெனியைப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா விதை போடுவதை நிறுத்தினாள். முளைத்து வரும்போது பார்க்க ஆள் இருக்காதே என்றாள்.

அப்போதுதான் ஈமெயில் வந்தது. பங்களா அம்மாவின் பையன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தான். புதுப் படத்தில் பொம்மை போட்டிருப்பது தன்னுடைய சட்டை என்று கண்டுபிடித்துவிட்டான். காலேஜ் கடைசி நாளில் போட்டதாம். அம்மாவிடம் கேட்டால் கிழிந்த பழைய துணி, சும்மா போட்டேன் என்கிறாராம். "நிஜமா? நீங்கள் நேரில் பார்த்தவர்கள், அதனால் கேட்கிறேன்" என்று முடித்திருந்தான்.

அதை அச்செடுத்து நர்சரிக்குக் கொண்டுபோனேன். சொன்னால் அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. அவருக்குத் தெரிந்தால் இந்தத் தடவை காபிகூடக் கிடைக்காது, எல்லா வீடும் மொத்தமாகப் போய்விடும். சொல்லாவிட்டால் அவன் நிம்மதியாக அங்கேயே இருப்பான். மாமா தலையைச் சொறிந்தார். அக்கா செடிக்குக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லிப்போடு" என்றாள்.

"அக்கா, அந்தம்மா கோவிச்சுக்கிட்டா நர்சரி..."

"நாம திருப்பூர் போனாப் போறோம். அவன் வந்து அவங்கம்மாவைப் பாக்கட்டும்."

அந்த இடத்துக்காக உயிரை விடுகிறவள் அவள்தான். அவள் வாயிலிருந்து அது வந்தது. 

எழுதினேன். கிழிந்த துணி இல்லீங்க, உங்கள் பீரோவிலிருந்து எடுத்து, துவைத்துத் தேய்த்து உங்கள் அம்மா போட்டு விடுகிறார்கள், பட்டன் விழுந்தால் தைக்கிறார்கள், உங்கள் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நீங்கள் நிற்கிற மாதிரி இருக்கிறது, தயவுசெய்து வாங்க என்று எழுதினேன். அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்துப் பதில் வந்தது. ஆபீஸில் உட்கார்ந்து அழுதானாம். நண்பர்களிடம் சொன்னானாம். அவர்களும் படத்தைப் பார்த்தார்களாம். அதில் பலர் தங்கள் அப்பா அம்மா வீட்டிலும் இதேபோல் தோட்டம் போட வேண்டும் என்கிறார்களாம். பவானியில் ஒரு வீடு, பெருந்துறையில் ஒன்று, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு என்று முகவரியெல்லாம் கொடுத்திருந்தான். எல்லோருக்கும் பொம்மையோடு வேண்டுமாம். கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். அவனுக்கு இப்போது லீவு கிடைக்காதாம். அதனால் தான் போட்டுக் கழற்றிய சட்டைகள் இரண்டை எங்கள் நர்சரி முகவரிக்குப் பார்சலில் அனுப்புகிறானாம். அம்மாவிடம் சொல்லாமல் மாமாவே பொம்மைக்கு மாட்டிவிட வேண்டுமாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன். வாடா என்றால் சட்டையை அனுப்புகிறானே, இவனெல்லாம் ஒரு பிள்ளையா? நர்சரியில் போய்க் கத்தித் தீர்த்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வேலை வந்திருச்சா?" என்றாள். "வந்திருச்சு" என்றேன். அவள் நாற்றுகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சந்தோஷப்படவும் வெட்கமாக இருந்தது எங்களுக்கு.

பார்சல் வந்தது. "அந்தம்மாவுக்குத் தெரியாம நான் மாட்ட மாட்டேன் கண்ணு" என்று மாமா சொல்லிவிட்டார். மூன்று பேரும் பங்களாவுக்குப் போனோம். பார்சலின்மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிப்போட்டீங்களா அம்மணி?"

"சொல்லிப்போட்டேனுங்க" என்றேன்.  "வருவாருன்னு நெனச்சுச் சொன்னேனுங்க."

 அவர் நூலை அவிழ்த்து, தாளைக் கிழிக்காமல் பிரித்து, இரண்டில் ஒரு சட்டையை வெளியே எடுத்தார். முகர்ந்து பார்ப்பார், அழுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டையைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து, ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை சாண் போட்டு அளந்தார். உள்ளே போய் பீரோவிலிருந்து பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் புதிதாய் வந்த சட்டையின்மேல் வைத்தார். இரண்டு பக்கமும் புதுச் சட்டை விரற்கடை விரற்கடையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த மிச்சத்தை அவர் விரலால் தடவினார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது.

"நல்லாத்தான் சாப்பிடறானாட்ட இருக்குதுங்க. போறப்போ ஒல்லியா இருந்தானுங்க" என்றார். பழைய சட்டையை மடித்து இடுப்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். பிறகு மாமாவிடம் திரும்பினார். "ஏனுங்க தம்பி, பொம்மையைப் பிரிச்சு வைக்கப்புல்லு இன்னுங் கொஞ்சம் எச்சா வெச்சுக் கட்டுங்க. இல்லீன்னா இது அதுக்கு லொடலொடன்னு இருக்கும்."

மாமா வைக்கோல் எடுக்கப் போனார். அக்கா அவர் பின்னாலேயே போய்விட்டாள். புதுப் படம் எடுக்கலாம் என்று கேமராவைக் கொண்டு போயிருந்தேன். அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.